கத்தரியைப் பற்றிப் பேசுவோம்

பெண்களைப் போன்சாய் மரங்களோடு ஒப்பிடுவதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். போன்சாய் பிடிக்காமல் இதைச் சொல்லவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக வளர்க்கிறேன். டேராடூனில் என் வீட்டு முற்றத்தில் இப்போதும் பதினொரு தொட்டிகள் இருக்கின்றன. பன்னிரண்டாவது தொட்டி எப்படி இல்லாமல் போனது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்பது புரியும்.

2024 மார்ச் 8 அன்று மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பேச அழைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு மாணவி கவிதை வாசித்தாள். வானம் தொட வேண்டிய மரத்தைத் தட்டில் அடைத்தீர்கள், வேரை வெட்டிவிட்டு அழகு என்றீர்கள், நாங்கள் உங்கள் போன்சாய்கள் என்ற பொருளில் போனது அது. குரல் நடுங்க, உண்மையாக வாசித்தாள். அரங்கம் கைதட்டியது. அடுத்து வந்த சிறப்பு விருந்தினர், ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி, மைக்கைப் பிடித்தார். "போன்சாய்னு பாப்பா சொல்லிச்சு. ரொம்ப நல்ல உவமை. எவ்வளவு சின்ன இடம் கொடுத்தாலும் அதுக்குள்ளயே அழகா இருந்துகிட்டு வீட்டுக்கே லட்சணம் சேர்க்குது பாருங்க, அதுதான் பெண்மை" என்றார். அதே அரங்கம் அதே அளவுக்குக் கைதட்டியது.

"எப்படித் திருப்பிட்டாரு பாருங்க" என்று பக்கத்திலிருந்த பேராசிரியை என் காதில் சொன்னார். அவர் எதையும் திருப்பவில்லை என்பதுதான் என் எண்ணம். அந்த உவமையில் முதலிலிருந்தே அவருக்கும் இடம் இருந்தது. பெண் ஒரு பொருளாக, மேசை மேல், பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறாள். ஒருவர் பார்த்து "ஐயோ பாவம்" என்கிறார், இன்னொருவர் "ஆஹா, அழகு" என்கிறார். இரண்டு வாக்கியத்திலும் கத்தரியோடு நிற்கிற ஆள் வரவேயில்லை. "வெட்டப்பட்டேன், அடைக்கப்பட்டேன், குறுக்கப்பட்டேன்" என்று செயப்பாட்டு வினையிலேயே நாம் பேசிக்கொண்டிருக்கும்வரை அந்த ஆளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

போன்சாய் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இந்த உவமையைச் சொல்ல நமக்கே வாய் கூசும். அதனால் கொஞ்சம் தொழில் பேசுகிறேன்.

போன்சாய் என்பது ஒரு மர வகை இல்லை. கடையில் "போன்சாய் விதை" என்று விற்றால் அது ஏமாற்று. ஜப்பானிய மொழியில் 'போன்' என்றால் தட்டம், 'சாய்' என்றால் நடுதல். தட்டத்தில் நட்டது, அவ்வளவுதான் பொருள். சீனர்களிடமிருந்து ஜப்பானியர்கள் எடுத்துக்கொண்டு வளர்த்த கலை அது. நம் தெருமுனை ஆலமரத்தின் விதையும் என் முற்றத்து ஆல் போன்சாயின் விதையும் ஒன்றுதான். குள்ளம் விதைக்குள் கிடையாது.

வாஷிங்டனில் உள்ள தேசியத் தாவரத் தோட்டத்தில் ஒரு வெண் பைன் போன்சாய் இருக்கிறது. 1625ஆம் ஆண்டு முதல் தொட்டியில் பயிற்றப்பட்டு வருவது. ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தாரின் தோட்டத்தில் இருந்தபோது 1945இல் அணுகுண்டு விழுந்தும் பிழைத்தது. 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகப் போனது. நானூறு ஆண்டுகள் தலைமுறை தலைமுறையாக அந்த மரத்தின் நுனியைக் கிள்ளியிருக்கிறார்கள். ஆனாலும் அதன் விதை ஒன்றை எடுத்து நல்ல நிலத்தில் போட்டால் அந்த இனத்துக்கு உரிய உயரத்துக்கு வளரும். நானூறு ஆண்டு வெட்டியும் குட்டைத்தனம் அதன் இயல்பாகவில்லை.

"காலங்காலமா இப்படித்தான் இருக்கோம், அது நம்ம ரத்தத்துலயே ஊறிப்போச்சு" என்று சொல்கிற அத்தைமார்களுக்கு இந்த மரத்தைத்தான் காட்ட வேண்டும். எதுவும் ஊறவில்லை. ஊறியிருந்தால் ஒவ்வொரு ஆண்டும் வெட்ட வேண்டிய தேவை ஏன் வருகிறது? ஒரு பருவம் வெட்டாமல் விட்டால் போன்சாய் தன் வடிவத்தை இழந்துவிடும். இரண்டு மூன்று பருவம் விட்டு, மண்ணிலும் இறக்கிவிட்டால், அது வெறும் மரம். குட்டையாக வைத்திருப்பதற்கு ஓயாத வேலை தேவைப்படுகிறது. அந்த வேலையை யாரோ செய்துகொண்டிருக்கிறார்கள், இன்றைக்கும், நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்திலும்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். போன்சாய் என்றதும் பலர் கோடரியைக் கற்பனை செய்கிறார்கள். பட்டினி போடுவோம் என்றும் நினைக்கிறார்கள். பட்டினி போட்டால் மரம் செத்துவிடும். நாங்கள் வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றுவோம், உரம் வைப்போம், பூச்சி பார்ப்போம், வெயில் அதிகமானால் நிழலுக்கு நகர்த்துவோம். பெரிய வெட்டு அபூர்வம். அன்றாட வேலை நுனி கிள்ளுதல்தான். புதுத் தளிர் நாலைந்து இலை விட்டதும் விரலாலேயே கிள்ளி இரண்டு இலையாக நிறுத்துவது. ரத்தமில்லை, சத்தமில்லை. செல்லம் கொஞ்சுவது போலத்தான் இருக்கும். மரத்தைக் குட்டையாக வைப்பது அந்தக் கிள்ளல்தான்.

இப்போது பாப்லருக்கு வருகிறேன்.

என் கணவரின் வேலை மாற்றலால் 2012 முதல் 2015 வரை ஸ்ரீநகரில் இருந்தோம். காஷ்மீர்ப் படங்களில் சாலையின் இருபுறமும் நெடுநெடுவென்று நிற்குமே, அந்த மரம்தான் பாப்லர். அவர்கள் மொழியில் ஃப்ரஸ். எங்கள் வாடகை வீட்டு மதிலோரம் ஒன்று நின்றது. 'ரூஸி ஃப்ரஸ்', ரஷ்யப் பாப்லர், என்றார் வீட்டுக்கார அம்மா. பெயர்தான் ரஷ்யா. மரம் அமெரிக்காவின் மிசிசிப்பிப் படுகைப் பக்கத்து இனம். 1982இல் உலக வங்கி உதவியோடு நடந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் கொண்டுவந்து நட்டார்கள். உள்ளூர்ப் பாப்லர் முதிர முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும் என்றால் இது பத்துப் பதினைந்து ஆண்டில் வெட்டுக்கு வந்துவிடும். ஆப்பிள் பெட்டிக்கும் ஒட்டுப்பலகைக்கும் தீக்குச்சிக்கும் ஏற்ற மென்மரம்.

2014 பிப்ரவரியில், இலையெல்லாம் உதிர்ந்து மரம் உறங்கும் நேரத்தில், பென்சில் தடிமனில் அதன் போத்து ஒன்றை வெட்டித் தொட்டியில் ஊன்றினேன். முருங்கைப் போத்தை விடச் சுலபமாக வேர் பிடித்தது. ஏப்ரலில் இலை வந்துவிட்டது. போன்சாய்க் குழுவில் இருந்த தோழிகள் சிரித்தார்கள். போன்சாய்ப் புத்தகங்களில் 'பொருந்தாதவை' என்று ஒரு பட்டியல் இருக்கும். பாப்லர் அதில் தவறாமல் வரும்.

ஏன் பொருந்தாது என்பதை அடுத்த ஒன்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். இலை உள்ளங்கை அகலம். கோடையின் தொடக்கத்தில் எல்லா இலைகளையும் உருவிவிட்டால் அடுத்து வருபவை சிறுத்து வரும் என்பது போன்சாயில் ஒரு வழி. பாப்லரும் கொஞ்சம் சிறுத்தது, போதுமான அளவு சிறுக்கவில்லை. கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே நீண்ட இடைவெளி. கிளையைச் சாய்க்கக் கம்பி சுற்றினால், அது பருக்கும் வேகத்தில் சில வாரங்களிலேயே கம்பி பட்டைக்குள் இறங்கித் தழும்பாகிவிடும். வெட்டிய காயம் எளிதில் மூடாது; உள்ளே அழுகும். கோடையில் தினம் இரண்டு வேளை தண்ணீர். ஆண்டுதோறும் தொட்டி மாற்ற வேண்டும், ஒரே பருவத்தில் வேர் தொட்டியை நிரப்பிவிடும்.

இதையெல்லாம் விட என்னைத் திணறடித்தது வேறொன்று. பாப்லருக்குத் தன் சிறு கிளைகளைத் தானே கழற்றி உதிர்க்கும் பழக்கம் உண்டு. இலை உதிர்வது போலவே கிளையின் அடியில் ஒரு பிரிவுப் படலம் உருவாகி, கிளை சுத்தமாகக் கழன்று விழும். மூன்று ஆண்டு பாடுபட்டு நான் வடிவமைத்த இடதுபுறக் கிளை ஒரு நாள் காலையில் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் வெட்ட நினைத்த இடத்திலிருந்து புதிது முளைக்காது. நான் நினைக்காத இடத்திலிருந்து, அடித்தண்டிலிருந்து, இரண்டு தளிர் வரும்.

'பொருந்தாதவை' என்ற பட்டியலைத் திரும்பப் படித்தபோது அதன் மொழி எனக்கு உறைத்தது. எதற்குப் பொருந்தாது? என் தட்டத்துக்கு. யாருடைய குறை? பட்டியலின்படி மரத்துடையது. அடங்காதவள், வாயாடி, நாலு வீடு மாறியவள், புருஷனோடு ஒத்துப்போகாதவள் என்று நம் ஊரிலும் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் வந்த பெண்களையெல்லாம் நினைத்துக்கொண்டேன். "நாங்கள் போன்சாய்கள்" என்று சொல்லும்போது அந்தப் பெண்களை நாம் விட்டுவிடுகிறோம். தட்டத்தில் அழகாக நிற்க முடிந்தவர்கள் மட்டுமே பெண் என்று ஆகிறது.

வேறு சிலரையும் விட்டுவிடுகிறோம். போன்சாய்க்கு ஒரு வீடு இருக்கிறது, தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறது, விலை இருக்கிறது. என் பாப்லரோடு ஒரே காலத்தில் நடப்பட்ட எத்தனையோ பாப்லர்கள் அறுக்கப்பட்டு யமுனாநகர் ஒட்டுப்பலகை ஆலைகளுக்குப் போயிருக்கும். செங்கல் சூளையிலும் வயலிலும் சாக்கடை ஓரத்திலும் வேலை செய்யும் பெண்களை யாரும் குட்டையாக்கி மேசை மேல் வைப்பதில்லை. அவர்களை நேராகச் சரக்காக்கிவிடுகிறார்கள். சாதியும் கூலியும் செய்கிற வேலையை 'போன்சாய்' என்ற சொல்லால் சொல்ல முடியாது. வீட்டுக்குள் இருக்கிற நம் போன்றவர்களின் வலியை மொத்தப் பெண்களின் வலியாக எழுதிவைக்கும் பழக்கத்துக்கு இந்த உவமை நல்ல துணை.

காஷ்மீரில் பாப்லருக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். பனையைப் போலப் பாப்லரிலும் ஆண் வேறு, பெண் வேறு. மே மாதத்தில் பெண் மரத்தின் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். ஸ்ரீநகரில் அந்தச் சில வாரங்கள் வெயிலில் பனி பெய்வது போலிருக்கும். முற்றமெல்லாம் வெள்ளை. எல்லோரும் தும்முவார்கள், இருமுவார்கள், மரத்தைத் திட்டுவார்கள். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. பெண் பாப்லரை நடவும் விற்கவும் கூடாது என்று 2014இல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2015இல் வெட்டச் சொன்னது. 2020இல் கொரோனா பயத்தில் மறுபடியும் வெட்ட உத்தரவுகள் வந்தன. எங்கள் மதிலோரத்து மரம் 2015இல் விழுந்தது.

அந்தப் பஞ்சு மகரந்தம் அல்ல. விதையைச் சுமந்து பறக்கும் இழை. மூக்கில் ஏறினால் அரிக்கும், தும்மல் வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் பாப்லரால் ஒவ்வாமை வருமென்றால் அதற்குக் காரணம் மகரந்தம். மகரந்தம் விடுவது ஆண் மரம். பஞ்சு பறப்பதற்குச் சில வாரங்கள் முன்னாலேயே, இலை துளிர்க்கும் முன், கண்ணுக்குத் தெரியாத தூளாக அது காற்றில் கலந்துவிடும். பஞ்சு பறக்கிற அதே நாட்களில் புல்லின் மகரந்தமும் தூசியும் காற்றில் இருக்கின்றன. மருத்துவர்களிலும் வனவியலாளர்களிலும் பலர் இதை அப்போதே சொன்னார்கள். ஆனாலும் தண்டனை கண்ணுக்குத் தெரிந்தவளுக்குத்தான். அவள் போட்ட குப்பை எல்லோர் வாசலிலும் கிடந்தது. ஆண் மரம் செய்ததை யாரும் பார்க்கவில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. பாப்லரைப் பெரும்பாலும் போத்து ஊன்றித்தான் பெருக்குகிறார்கள். தாய் மரம் பெண் என்றால் போத்தும் பெண். எது ஆண், எது பெண் என்பது நடுகிறவர் கையில் இருந்தது. தேர்ந்தெடுத்து நட்டவர்கள் மனிதர்கள், மரத்தைப் பெட்டியாக்கிக் காசு பார்த்தவர்களும் மனிதர்கள். தீர்ப்பு மட்டும் மரத்துக்கு.

போத்து என்பது மரத்தின் பிள்ளை அல்ல, அதே மரம்தான். வெட்டி வீழ்த்தப்பட்ட அந்தப் பெண் மரம் என் தொட்டியில் ஒன்றரை அடி உயரத்தில் உயிரோடு இருந்தது. டேராடூனுக்கு மாறியபோது காரில் என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமை எனக்கு வெகுநாள் இருந்தது.

அந்தப் பெருமையில் ஓட்டை இருப்பது தெரியச் சில ஆண்டுகள் ஆயின. நுனியைக் கிள்ளிக்கொண்டே இருக்கும் பாப்லர் பூப்பதில்லை. பூவில்லை என்றால் பஞ்சும் இல்லை. யார் மூக்கிலும் ஏறாமல், யார் வாசலையும் அழுக்காக்காமல், என் மேசையில் இருப்பதென்றால் இருக்கலாம். அதுதான் நான் அவளுக்குக் கொடுத்த உயிர்ப்பிச்சையின் நிபந்தனை. காஷ்மீர் அவளை வெட்டியது. நான் வளரவிடாமல் வைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் அவள் பஞ்சு விடக் கூடாது என்பதில் ஒத்துப்போனோம்.

2023 ஜூலையில் மதுரையில் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரண்டரை மாதம் அங்கேயே இருந்தேன். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் தொட்டிகளை ஒப்படைத்துவிட்டுப் போனேன். அவர் சமோலி மாவட்டத்துக்காரர். சிப்கோ நடந்த ரேணி கிராமம் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1974 மார்ச் 26 அன்று, ஆண்களெல்லாம் இழப்பீடு வாங்கச் சமோலிக்குப் போயிருந்த நேரத்தில், கௌரா தேவியும் மற்றப் பெண்களும் மரம் வெட்ட வந்தவர்களை மறித்து நின்றார்கள். பெண்ணும் மரமும் ஒன்று என்பதற்காக அவர்கள் நின்றார்கள் என்று மேடைகளில் உருகுகிறோம். விறகுக்கும் தீவனத்துக்கும் தண்ணீருக்கும் அந்தக் காட்டை நம்பியிருந்தவர்கள் அவர்கள். வெட்ட வந்தவர்கள் யார், அனுப்பியது யார் என்று தெரிந்து நின்றார்கள்.

செப்டம்பர் கடைசியில் நான் திரும்பி வந்தபோது பாப்லர் என் தலைக்கு மேல் நின்றது. நம்ப முடியவில்லை. குனிந்து பார்த்தால் தொட்டி மேசையில் இல்லை, தரையில், மதிலோரத்து மண்ணில் இருந்தது. அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டை வழியாக வேர் இறங்கி, மழைக்கால மண்ணைப் பிடித்து, விரல் தடிமனுக்குப் பருத்து, தொட்டியை விரிசல் விட வைத்திருந்தது. "யார் இதைக் கீழே வைத்தது?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

"நான்தான் தீதி" என்றார் அக்கா. "நாலு வீட்டு வேலைக்கு நடுவில் ஒரு செடிக்கு மட்டும் தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்த என்னால் முடியாது. மண்ணில் வெச்சா தானே குடிச்சுக்கும்னு வெச்சேன். குடிச்சுக்கிச்சு."

அவருக்கு அது விடுதலை இல்லை, உவமையும் இல்லை. கூலி கொடுக்காத ஒரு கூடுதல் வேலையை அவர் மறுத்தார். ஒன்பது ஆண்டாக நான் செய்துவந்த வேலை, கிள்ளும் வேலை, ஒரு பருவம் நடக்கவில்லை. அதற்குள் மரம் மரமாகிவிட்டது.

அன்று இரவு மகளிடம் ஃபோனில் சொன்னேன். சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ ரெண்டரை மாசம் ஊர்ல இல்லாததுதான் அதுக்கு நல்லதாப் போச்சு, இல்லம்மா?" என்றாள்.

அவள் மரத்தை மட்டும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். என் மகள் புவியியல் படித்தாள். 2018இல், இரண்டாம் ஆண்டில், பத்து நாள் களப்பயிற்சி முகாம் வந்தது. மலைமேல் கூடாரத்தில் தங்க வேண்டும். வகுப்பில் பெண்கள் ஐந்து பேர். நான் கையெழுத்துப் போடவில்லை. திட்டவில்லை, அடிக்கவில்லை. "ஒரு முகாம்தானே கண்ணு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றேன். அவளுக்குப் பிடித்த ராஜ்மா செய்து கொடுத்தேன். அதற்கு முன்னால் இருட்டியபின் சைக்கிள் ஓட்ட வேண்டாம் என்றிருந்தேன். வாலிபால் ஆட வெளியூர் போக வேண்டாம் என்றிருந்தேன். அதற்கும் முன்னால், எட்டு வயதில், அவள் சிரிப்பு தெருவுக்குக் கேட்கிறது என்றிருந்தேன். ஒவ்வொன்றும் சின்னக் கிள்ளல். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது, அக்கறை இருந்தது. எந்த நாளிலும் நான் அவள் படிப்பை நிறுத்தவில்லை. அவள் இன்று குருகிராமில் ஒரு கணினி நிறுவனத்தில் நல்ல சம்பளத்தில் இருக்கிறாள். பாறைகளைப் பற்றிப் பேசுவதில்லை. பார்ப்பவர்கள் "நல்லா வளர்த்திருக்கீங்க" என்கிறார்கள்.

அந்தக் காலத்தில் பெண்கள் கூட்டங்களில் நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். ஆணாதிக்கம் என் வாயில் தினம் வந்து போகும் சொல். மகளின் நுனியைக் கிள்ளிய விரல்கள் என் விரல்கள் என்று அப்போது தோன்றவில்லை. என்னை நான் வெட்டப்பட்டவள் என்றே நினைத்திருந்தேன். "நாங்கள் போன்சாய்கள்" என்று சொல்லிக்கொள்ளும் சுகம் இதுதான். சொல்லும்போது நம் கையில் இருக்கும் கத்தரி நமக்கே மறந்துபோகிறது.

இதற்காகத் தாய்மார்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. எனக்குக் கத்தரியைக் கொடுத்தது யார் என்று நானும் கேட்டுக்கொண்டேன். முகாமில் ஏதாவது நடந்தால் "தாய் எப்படி அனுப்பினாள்?" என்றுதான் உறவு கேட்கும். கணவர் கையெழுத்துப் பிரச்சினையில் தலையிடவே இல்லை. "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாள் படித்தார். கிள்ளும் வேலையை வீட்டுக்குள் பெண்ணிடம் விட்டுவிட்டு, விளைந்த அழகைத் தன் குலப்பெருமையாக வைத்துக்கொள்வது இந்தக் குடும்ப அமைப்பின் பழைய ஏற்பாடு. தோட்டம் ஒருவருடையது, தோட்டக்காரி இன்னொருத்தி. ஆனால் தோட்டக்காரி வேலையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அந்த மழைக்காலம் எனக்குக் காட்டிவிட்டது.

மாணவிகளுக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த மார்ச் 8க்குக் கவிதை எழுதினால் மரத்தை விட்டுவிட்டுக் கத்தரியைப் பற்றி எழுதுங்கள். பெயரோடு, தேதியோடு எழுதுங்கள். எந்த வயதில் எதைச் செய்யாதே என்றார்கள், சொன்னது யார், சொல்லச் சொன்னது யார், அதனால் யாருக்கு என்ன மிச்சமாயிற்று? "குறுக்கப்பட்டேன்" என்பதை அழித்துவிட்டு, "இன்னார் இன்ன நாளில் என்னை இதற்கு அனுப்பவில்லை" என்று எழுதுங்கள். அந்த வரியைப் பெண்மையின் லட்சணம் என்று எந்தச் சிறப்பு விருந்தினராலும் பாராட்ட முடியாது. எழுதும்போது உங்கள் தங்கையிடம், வீட்டில் வேலை செய்பவரிடம், நாளை உங்கள் மருமகளிடம், உங்கள் விரல் என்ன செய்கிறது என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாப்லரின் வேரை நான் வெட்டவில்லை. ஓடு உடைந்த தொட்டியைச் சுத்தியலால் தட்டி எடுத்துவிட்டு அடியில் மண் அணைத்தேன். மதிலுக்கு மிக அருகில் நிற்பதால் அடித்தளத்துக்கு ஆபத்து என்று கணவர் இப்போதும் சொல்கிறார். அதில் உண்மை இருக்கிறது. மதிலைத் தள்ளிக் கட்ட மேஸ்திரியிடம் கணக்குக் கேட்டிருக்கிறேன். மரம் இரண்டாம் மாடிச் சன்னலை எட்டிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் பாப்லர்த் தோப்புகள் உண்டு, ஆண் மரங்களுக்குப் பஞ்சமில்லை. இன்னும் ஓரிரு ஆண்டில் பூக்கும், மே மாதத்தில் பஞ்சு பறக்கும். குடியிருப்போர் சங்கத்திலிருந்து இப்போதே ஒருவர் வந்து, அலர்ஜி வரும், முன்கூட்டியே வெட்டிவிடுங்கள் என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆண் மரத்து மகரந்தத்தைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

பஞ்சு பறக்கட்டும். வேலைக்கு வரும் அக்காவிடம் சொல்லிவிட்டேன், அந்தச் சில வாரங்கள் தெருவரைக்கும் பெருக்குவது நான்தான்.